மறு: சேர்ந்து இயங்கும் பள்ளிகள், அவற்றின் தலைமை – சொல் வேண்டும்

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

> பல பள்ளிகள் சேர்ந்து இயங்குவதற்குப் 'பள்ளிக் கூட்டமைப்பு', அதை நடத்துகிறவருக்கு 'முதன்மைத் தலைமையாசிரியர்' என்று நம் சொற்பட்டியலில் போட்டுவிடலாமா?

கூட்டமைப்பு வேண்டாம் அண்ணாச்சி. அந்தச் சொல் காதில் விழுந்தாலே நம் ஆசிரியர்கள் ஆர்ப்பாட்டம் என்றைக்கு என்று கேட்பார்கள். குழுமம் என்றால் ஒரே முதலாளியின் ஐந்தாறு தனியார் பள்ளிகள். தொகுதி என்றால் எம்.எல்.ஏ. வந்துவிடுவார். வளாகம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சுற்றுச்சுவருக்குள் அடங்கிய இடம், ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் பள்ளிகளை அது காட்டாது.

விஷயம் நமக்குப் புதிதல்ல. 1964–66 கோத்தாரி கல்வி ஆணையம் அன்றைக்கே சொன்னதுதான். 2020 தேசியக் கல்விக் கொள்கை அதைத் தூசி தட்டி எடுத்து, ஓர் உயர்நிலைப் பள்ளியோடு ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வட்டாரத்தில் உள்ள கீழ்வகுப்புப் பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் சேர்க்கலாம் என்கிறது. பழைய பரிந்துரை நடைமுறைக்கு வராமல் போனதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் இதற்குக் கிட்டத்தில் இருப்பது, அக்கம்பக்கப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையம் (சிஆர்சி). நல்ல சொல்தான். ஆனால் "சனிக்கிழமை சிஆர்சி இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, அது ஒரு நாள் பயிற்சிக் கூட்டத்தின் பெயராகிவிட்டது.

என் பரிந்துரை 'பள்ளிச் சேகரம்'. திருச்சபையில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்து ஒரு குருவானவரின் பொறுப்பில் இருப்பதை இங்கே நெல்லைப் பக்கம் சேகரம் என்கிறோம். ஊருக்கு ஒரு கோயில், எல்லாம் சேர்ந்து ஒரு சேகரம். பள்ளிகளுக்கும் அந்த அமைப்பு அப்படியே பொருந்துகிறது.

இனி தலைமை. எனக்கு இதுதான் முக்கியம். 'முதன்மைத் தலைமையாசிரியர்' என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு ஏற்பாடுகளை அடைக்கிறோம்.

இங்கிலாந்தில் 2002 கல்விச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே ஆளுகைக் குழு இருக்கலாம். 2010-க்குப் பிறகு ஒரே அறக்கட்டளையின் கீழ் பல பள்ளிகள் போவது பெருகியது. அங்கே ஆசிரியரை வேலைக்கு வைப்பதும் அறக்கட்டளைதான். எக்ஸிகியூட்டிவ் ஹெட் என்று இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மேல் ஒருவரை உட்கார வைத்தால், அவர் சொன்னால் நடக்கும். இதற்கு 'ஒருகுடைத் தலைமை' சரியாக இருக்கும். இரண்டாவது, தலைமையாசிரியர்கள் சமமாக உட்கார்ந்து பொறுப்பை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நம் ஊரில் 'முறைத்தலைமை' என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் சிக்கல். சிஸ்டம் லீடர்ஷிப் என்கிறார்கள். 'அமைப்புத் தலைமை' என்று பெயர்த்தால் ஏதோ ஓர் இயக்கத்தின் தலைவர் என்று நினைப்பார்கள். தன் பள்ளியையும் வைத்துக்கொண்டு, தனக்கு அதிகாரமில்லாத பள்ளியும் தேற உழைப்பவர் இவர். இங்கிலாந்தில் 2006-இலிருந்து இப்படிப்பட்ட தலைமையாசிரியர்களைத் தேர்ந்து, தடுமாறும் பள்ளிகளுக்குத் துணையாக அனுப்பினார்கள்.

நம் பக்கமும் இது உண்டு. களக்காடு பக்கம் ஒரு குறுவள மையக் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர், ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகள் வகுத்தலில் தடுமாறுகிறார்கள் என்று சுற்றறிக்கை விடவில்லை. பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் பரப்பினார். 408-ஐ நாலால் வகுத்தால் 12 என்று ஒரு நோட்டில். பக்கத்து ஊர் நோட்டிலும் அதே 12. நடுவில் இருக்க வேண்டிய பூஜ்யம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி காணாமல் போயிருந்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இடமதிப்பை எப்படி மறுபடி எடுப்பது என்று பேச்சு தானாகப் போனது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் விடுப்பு வட்டாரக் கல்வி அலுவலர் கையில். இந்த அம்மா ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. முதன்மை என்று அவருக்குப் பட்டம் கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் நோட்டு வராது, பதிவேடுதான் வரும்.

இதற்கு 'வழித்துணைத் தலைமை' என்கிறேன்.

———

தம்பி,

வழித்துணை அருமை. எடுத்துக்கொண்டாச்சு. முறைத்தலைமையும் சரி. ஒருகுடையில் ராஜா வாசனை கொஞ்சம் தூக்கல்தான், இருந்தாலும் அந்தப் பதவியும் அப்படித்தானே!

சேகரம்தான் நெருடுது. எனக்கும் உமக்கும் அது வீட்டுச் சொல். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இருக்கிற வாத்தியார்கள் திருச்சபை விஷயம் என்று ஒதுங்கிவிடுவார்கள். மதுரையைத் தாண்டினால் ஏதோ சேகரிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டி என்றால் எல்லாப் பள்ளிக்கும் தெரியும். எந்தெந்தப் பள்ளி தன்னோடு வரும் என்று பி.டி. வாத்தியார் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். 'பள்ளிக் குறுவட்டம்' என்று வைத்தால் என்னவே? வருவாய்த் துறையிலும் குறுவட்டம் உண்டு, எல்லைகள் ஒத்துப்போகாதே என்று யாராவது மல்லுக்கு வருவார்கள். வரட்டும். அதற்குப் பதில் சொல்வது எளிது.

சொற்பட்டியலில் இரண்டையும் போடும். குறுவட்டம் முதலில், சேகரம் 'நெல்லை வழக்கு' என்ற குறிப்போடு. ஒருகுடைக்கு வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.