ஐயா காலத்து அம்பாசடர் சூடானால் நின்றுவிடுகிறது, அவசரம்

பள்ளத்தூர்ப் பேரன்: வணக்கம். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் இருமி இருமி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி கிளம்புகிறது. நேற்று பிள்ளையார்பட்டி போகும்போது குன்றக்குடி தாண்டவில்லை. பேட்டரி புதுசு. வியாழக்கிழமை வீட்டில் முன்னோருக்குப் படைப்பு, பெரியவர்களைக் கூட்டி வர வண்டி வேண்டும். எதைப் பார்க்கலாம்?

கோட்டையூர் குமார்: எந்த வருட வண்டி? பெட்ரோலா, டீசலா? நின்றபோது கரண்ட் வருகிறதா என்று பார்த்தீர்களா?

ரஸ்தா மணி: ஏசி பம்ப்தான், அதாவது டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப். இந்த வெயிலில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துக்கொள்ளும். நின்றதும் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். உடனே கிளம்பினால் அதுதான்.

பழைய இரும்பு: விவரமே கேட்காமல் ஆளாளுக்கு மருந்து எழுதினால் எப்படி? அம்பாசடரில் மார்க் 4 மாடல் டீசலிலும் வந்தது. டீசலுக்கு, பிளக்கில் பொறி வர வைக்கும் காயிலே கிடையாது. இதையெல்லாம் இங்கே பல தடவை எழுதியாயிற்று, புதிதாக வருகிறவர்கள் படிப்பதில்லை. பெட்ரோல் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் காயில் வயரை உருவுங்கள். ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, முனையை இஞ்சின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நீலமாகச் சடசடவென்று அடித்தால் கரண்ட் சரி, பெட்ரோலைப் பாருங்கள். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் காயில், அதன் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் மூன்றில் ஒன்று.

பள்ளத்தூர்ப் பேரன்: 1984 மார்க் 4, பெட்ரோல். போன மாதம்தான் மெக்கானிக் காயில் மாற்றினார்.

கோட்டையூர் குமார்: முக்கியமானதே இதுதானே தம்பி! கரண்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயிலை நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் கை வைக்க முடியாமல் கொதிக்கும், பாயிண்ட்டும் கருகும். வயரைக் கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு சின்ன முனையிலும் மீட்டர் வையுங்கள். 3 ஓம் பக்கம் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஏற்றது. 1.5 பக்கம் என்றால் மாற்றிவிடுங்கள். அப்புறம், இஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீர்கள். பாயிண்ட் மூடி நின்றிருந்தால் காயில் சும்மாவே சுடும்.

வெள்ளை மார்க் 3: பாயிண்ட்டே வேண்டாம், எலக்ட்ரானிக் கிட் போடுங்கள். நான் போட்டதிலிருந்து டியூனிங் என்று கடைப் பக்கம் போனதில்லை.

பழைய இரும்பு: திருமயம் ரோட்டில் கிட் போய்விட்டால்? பாயிண்ட் என்றால் உப்புத்தாளில் தேய்த்து, 0.4 மி.மீ. இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம். ஐயா காலத்து வண்டியை ஐயா ஓட்டியபடியே வைத்திருப்பதுதான் மரியாதை.

வெள்ளை மார்க் 3: கழற்றிய பாயிண்ட் செட் டிக்கியில்தான் இருக்கிறது அண்ணே. இப்போது கடையில் வரும் கண்டென்சரின் தரம் உங்களுக்குத் தெரியாததா? வண்டி ரோட்டில் ஓடுவதும் மரியாதைதான்.

ரஸ்தா மணி: இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது, அதையும் பாருங்கள்.

பழைய இரும்பு: எத்தனாலைப் பற்றிப் பேச இங்கே தனி இழை இருக்கிறது.

பள்ளத்தூர்ப் பேரன்: மீட்டரில் 1.6 காட்டியது. காரைக்குடியில் 3 ஓம் காயிலும் கண்டென்சரும் வாங்கி மாற்றியாயிற்று. பிள்ளையார்பட்டி போய் வந்தேன், நிற்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கோட்டையூர் குமார்: நல்லது. பாயிண்ட் முகம் எப்படி இருந்தது? ஒரு மாதம் அந்தக் காயிலில் ஓடியிருக்கிறது, கருகியிருந்தால் வியாழனுக்குள் அதையும் மாற்றிவிடுங்கள்.