சேபரின் உலோக மேனி

கொரியப் போரில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 2ஆம் ஸ்குவாட்ரன் 1953இல் மஸ்டாங் விமானத்திலிருந்து எஃப்-86எஃப் சேபர் ஜெட் போர்விமானத்துக்கு மாறியது. அந்தச் சேபரை 1/48 அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்து முடித்திருக்கிறேன். அசல் விமானத்துக்குப் பெயின்ட் இல்லாத அலுமினிய மேனி. பார்த்தவர்கள் எல்லாரும் எந்த சில்வர் பெயின்ட் வாங்கினேன் என்றுதான் கேட்கிறார்கள். என் உழைப்பில் பெரும்பகுதி அந்த சில்வருக்கு முன்பே முடிந்துவிட்டது.

அல்க்ளாட் போன்ற உலோக லேக்கர், அதாவது உலோகம் போல மின்னும் பூச்சு, மிக மெல்லியது. எதையும் மறைக்காது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே தெரியாத கீறல், அதன் கீழே பள்ளமாகத் தெரியும். அதனால் ஒட்டுத் தையல்களை 1000, 2000, அதற்கும் நைசான உப்புத்தாள் என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். சோப்புநீரில் கழுவிய பிறகு கையுறை இல்லாமல் தொடவில்லை. அடுத்து, அடிப்பூச்சாகப் பளபளப்பான கறுப்பு. அதன் வாசனை முற்றிலும் போகும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே அவசரம் கூடவே கூடாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் குறைகள் அகப்படும். உலோக லேக்கரை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிய சுற்றுகளாக அடித்தேன்.

டர்பனில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் கடற்காற்றின் ஈரம் லேக்கரை வெண்மையாக மங்கச் செய்துவிடும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையின் வறண்ட நாள்களே இதற்கு ஏற்றவை. சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டில் இந்த வேலை குளிர்காலத்துக்கு மட்டும்தான்.

விமானம் முழுவதும் ஒரே சில்வராக இருந்தால் அது பொம்மை. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கூர்ந்து பாருங்கள்: தகட்டுக்குத் தகடு சாயல் மாறும், ஏனென்றால் உருட்டிய திசையைப் பொறுத்து அலுமினியம் ஒளியை வேறுவிதமாகத் திருப்புகிறது. சேபரின் துப்பாக்கி வாய்களைச் சுற்றியிருப்பது துருப்பிடிக்காத எஃகு. அதைச் சற்று இருட்டாக்கினேன். வாலடியில், வெப்பம் பட்ட இடத்தில் வைக்கோல் நிறமும் நீலமும் லேசாக, மிக லேசாக.

மஸ்டாங் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதன் இறக்கைகளின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே புட்டியால் நிரப்பி, சில்வர் பெயின்ட் அடித்துதான் அனுப்பினார்கள். உடல் மின்னட்டும், இறக்கை மின்ன வேண்டாம். அழகான மாடல்களில் இதைத் தவறவிட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

வாலின் ஆரஞ்சு, வெள்ளை, நீலப் பட்டைகளுக்கு டேப் ஒட்டும்போது, அதை முதலில் உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். டெகால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டிய பின் முழு விமானத்துக்கும் வார்னிஷ் அடிக்காதீர்கள், உலோகம் சாம்பலாகிவிடும்.