‘ஒட்டின மாதிரி இருக்கு’ என்கிறார்கள்: இந்த இருவாச்சிப் படத்தில் எதைத் திருத்துவது?

நிழல்வரி (பட்டர்வொர்த்):

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு சியூ ஜெட்டியில் (கடல்மேல் கால்நட்டுக் கட்டிய பலகைப் பாதைக் குடியிருப்பு) எடுத்த படத்தை அடித்தளமாக வைத்து ஒரு கற்பனைக் காட்சி செய்திருக்கிறேன். பலகைப் பாதையில் பட்டுச்சேலையில் ஒரு பெண் நிற்கிறாள். வலது பக்கம் பின்னால் பெரிய முழுநிலா. கடலுக்கு மேல் பேருந்து அளவுக்கு ஓர் இருவாச்சி பறந்து வருகிறது.

ஜெட்டியைச் சூரியன் இறங்கும் நேரத்தில், 24 மி.மீ. லென்ஸில், நின்றபடி எடுத்தேன். பெண்ணை வீட்டுக்குள் 85 மி.மீ. லென்ஸில், குந்தி உட்கார்ந்து எடுத்தேன். சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் விளக்குப் பெட்டி) இடது முன்பக்கம், தலைக்கு மேல். மொத்தப் படம் 6000 பிக்ஸல் அகலம்.

பாதிப் பேர் ‘செம’ என்கிறார்கள். ஒருவர் ‘ஒட்டின மாதிரி இருக்கு’ என்றார். இதை வைத்து எந்த லேயரை (படத்தின் அடுக்கை) தொடுவது என்றே புரியவில்லை. இன்னொன்று: அடுத்து நானும் வேறொருவர் படத்துக்குக் கருத்து எழுத வேண்டும். அவருக்குப் பயன்படுகிற மாதிரி எப்படி எழுதுவது?

---

ஒளிக்கோடு (செந்தூல், கோலாலம்பூர்):

கேமரா விவரத்தைச் சேர்த்துப் போட்டது நல்லது. அது இல்லாமல் யாரும் காரணம் சொல்ல முடியாது.

முதல் சிக்கல் கடல்கோடு, அதாவது கடலும் வானமும் சேரும் கோடு. நின்றபடி எடுத்தால் கேமரா சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருந்திருக்கும். அப்படியானால் அதே பலகையில் நிற்கிற யாரையும், கிட்டே நின்றாலும் தள்ளி நின்றாலும், கடல்கோடு 150 செ.மீ. உயரத்தில்தான் வெட்டும். 160 செ.மீ. பெண்ணுக்கு அது கண்மட்டம். உங்கள் படத்தில் கோடு இடுப்பில் போகிறது. கணக்குப் பார்த்தால் அவர் இரண்டரை மீட்டர் உயரம் ஆகிறார். ‘ஒட்டின மாதிரி’ என்றவர் கண்ணில் பட்டது பெரும்பாலும் இதுதான்.

பாதம் இருக்கிற இடத்திலேயே இருக்க, கடல்கோடு கண்ணுக்கு வரும்வரை பெண்ணைச் சிறிதாக்கலாம். ஆனால் குந்தி எடுத்த படத்தில் பாதத்தின் மேற்பகுதி குறைவாகத்தான் தெரியும், அதைச் சேலைக் கரையால் மறைக்க வேண்டிவரும். என் விருப்பம் வேறு: ஃபெர்ரி ஏறிப் போய், கேமராவை 1 மீட்டர் உயரத்தில் வைத்து ஜெட்டியை மறுபடி எடுங்கள். அப்போது கடல்கோடு இடுப்பில் போவதே சரியாகிவிடும், பெண்ணைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது ஒளி. சியூ ஜெட்டி கிழக்கே பெருநிலத்தைப் பார்த்து நீள்கிறது. சூரியன் இறங்கும்போது முழுநிலா கிழக்கில் எழும், ஆகவே நிலா அங்கே இருப்பது இயற்கைதான். ஆனால் அதே நேரத்தில் மேற்கு வானத்து வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பலகையில் விழுகிறது. முகத்தில் சாஃப்ட்பாக்ஸ், பின்னால் நிலா. மூன்று ஒளி, மூன்றுக்கும் தொடர்பில்லை. நிலாதான் தலைவன் என்றால் பலகையை 1 முதல் 1.5 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) இறக்குங்கள். பெண்ணின் வலது தோளிலும் கூந்தல் ஓரத்திலும் மெல்லிய ஒளிவிளிம்பு வர வேண்டும். பெண்ணை இட-வலமாகத் திருப்பிப் போட்டால் சாஃப்ட்பாக்ஸும் நிலாப் பக்கம் வந்துவிடும், வேலை பாதியாகும்.

---

வண்ணத்தறி (ஜார்ஜ்டவுன்):

கடல்கோட்டுக் கணக்கு சரி. ஆனால் தயவுசெய்து திருப்பிப் போடாதீர்கள். முந்தானை இடது தோளில் இருக்கிறது, திருப்பினால் வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தியும் பக்கம் மாறும். நம் பெண்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதைவிட, சாஃப்ட்பாக்ஸ் ஒளிக்கு ஒரு காரணம் கொடுங்கள். ஜெட்டி வீடுகளின் முகப்பில் சிவப்புச் சீன விளக்குகள் தொங்குகின்றன. அதில் ஒன்றை இடது முன்பக்கம், தலைக்கு மேல் வையுங்கள். மூக்கு நிழல் எந்தச் சாய்வில் விழுகிறதோ, அதற்கு நேர் எதிரே விளக்கு இருக்க வேண்டும். கையில் அகல்விளக்கு கொடுத்தால் ஒளி கீழிருந்து வர வேண்டும், அது பொருந்தாது. பிறகு முகத்தின் இடப்பக்கத்துக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தை சாஃப்ட் லைட் மோடில் (கீழுள்ள அடுக்கோடு மென்மையாகக் கலக்கும் முறை) 15–20 விழுக்காடு ஏற்றுங்கள்.

பாத நிழலை ஒரே லேயரில் போட்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. இரண்டு வேண்டும், இரண்டும் மல்டிப்ளை மோடில் (கீழுள்ளதைக் கருமையாக்கும் கலப்பு முறை). பாதம் பலகையைத் தொடும் இடத்தில் ஒடுங்கிய நிழல்: 60–70 விழுக்காடு, 4 பிக்ஸல் மங்கல். அதைச் சுற்றி அகலமானது: 20–25 விழுக்காடு, 40 பிக்ஸல் மங்கல். கறுப்பு வேண்டாம், பலகை இடுக்கில் உள்ள கருநீலத்தையே எடுங்கள். சுத்தக் கறுப்பு நிழல் அந்த இடத்தை ஓட்டை போட்டதுபோலக் காட்டும்.

பறவை தொலைவில் இருக்கிறது, ஆனால் அதன் கறுப்பு முன்னால் நிற்கும் பெண்ணின் கூந்தலைவிட அடர்த்தி. கடல்மேல் காற்றில் பெரும்பாலும் கொஞ்சம் மங்கல் உண்டு, அதனால் தூரத்துப் பொருளின் கறுப்பு வெளுக்கும். பறவையோடு மட்டும் இணைத்த லெவல்ஸ் லேயரில் (வெளிச்ச அளவை மாற்றும் அடுக்கு), அவுட்புட் கறுப்பை 0-லிருந்து 35–40-க்கு ஏற்றிப் பெருநிலத்து மலைகளோடு ஒப்பிடுங்கள். ஒப்பிட எளிய வழி: எல்லாவற்றுக்கும் மேலே முழுக்கக் கறுப்பு நிரப்பிய ஃபில் லேயர், மோட் ‘கலர்’. படம் வெறும் வெளிச்ச அளவாக மாறும், பிசகு உடனே தெரியும்.

கூந்தல் விளிம்பு, இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான மணல்தன்மை) இதெல்லாம் கடைசியில். விளிம்பை 1 பிக்ஸல் உள்ளே தள்ளினால் வீட்டுச் சுவரின் வெள்ளை போய்விடும்.

---

தென்கரை (பாயான் லெப்பாஸ்):

கருத்து எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். மேலே இருவரும் செய்ததைப் பாருங்கள்: எந்த இடம், ஏன் உறுத்துகிறது, எந்தக் கருவியில் எவ்வளவு மாற்றுவது. மூன்றும் சேர்ந்தால்தான் படைத்தவர் உட்கார்ந்து வேலை செய்ய முடியும். ‘கலர் சரியில்லை’ என்பதில் ஒன்றுமே இல்லை. ‘சேலையின் சிவப்பு நிலவொளியில் இவ்வளவு பளிச்சென்று இருக்காது, செறிவை 25 குறைத்துப் பாருங்கள்’ என்றால் அவர் உடனே சோதித்துவிடுவார்.

முதலில் கைப்பேசி அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள், அமைப்பும் ஒளியும் அதில்தான் தெரியும். விளிம்புக்கு மட்டும் 100 விழுக்காடு. பெரியதிலிருந்து சிறியதுக்கு வாருங்கள்: கடல்கோடு தவறாக இருக்கும்போது கூந்தலைப் பற்றி எழுதினால், அவர் ஒரு ராத்திரி முழுக்கக் கூந்தலுக்கு மாஸ்க் (பின்னணியை மறைக்கும் வெட்டு) வெட்டிவிட்டு, பிறகு பெண்ணையே இடம் மாற்ற வேண்டிவரும். ஒரு தடவைக்கு மூன்று குறை போதும். எது நன்றாக வந்திருக்கிறது என்பதையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருத்தும்போது அதையும் கலைத்துவிடுவார். அவர் படத்தின்மேல் கோடு போட்டுக் காட்டுவதென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்து கேட்கும்போது மூலப் படங்களையும் கறுப்பு-வெள்ளைப் பிரதியையும் சேர்த்துப் போடுங்கள். ஏற்றுமதி எஸ்ஆர்ஜிபியில் (இணையத்துக்கான வழக்கமான நிற அமைப்பு) இருக்கட்டும், இல்லாவிட்டால் சிலருடைய திரையில் நிறம் மங்கித் தெரியும், அவர்கள் இல்லாத குறையைச் சொல்வார்கள்.

---

நிழல்வரி:

ரொம்ப நன்றி. விளக்கு யோசனை பிடித்திருக்கிறது, ஜெட்டியையும் 1 மீட்டரில் மறுபடி எடுக்கிறேன். ஒரு சந்தேகம்: நிலா ரொம்பப் பெரிசு என்று ஒருவர், இன்னும் பெரிசாக்கு என்று ஒருவர். யார் சொல்வதைக் கேட்பது?

---

தென்கரை:

அது பிழை இல்லை, விருப்பம். 24 மி.மீ. லென்ஸில், 6000 பிக்ஸல் அகலத்தில், உண்மையான நிலா சில பத்து பிக்ஸல்தான் வரும். உங்களுடையது 900 இருக்கும். கற்பனைக் காட்சிக்கு அது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், பதிவிலேயே ‘நிலாவின் அளவு வேண்டுமென்றே வைத்தது’ என்று எழுதிவிடுங்கள், பேச்சு வேறு பக்கம் போகாது.

ஆனால் நிலாவில் பிழை ஒன்று உண்டு, மேலே கருத்து எழுதிய இருவரும் அதைச் சொல்லவில்லை. தண்ணீரில் நிலா ஒளி பெண்ணை நோக்கிச் சாய்ந்து வருகிறது. அந்த ஒளிப்பாதை எப்போதும் நிலாவுக்கு நேர் கீழே செங்குத்தாகத்தான் இறங்கும். பலகை மறைக்கிற இடத்தில் அதை வெட்டிவிடுங்கள்.