தம்புள்ளையில் சர்வதேசப் போட்டி நடந்தால் திருகோணமலைக்கு என்ன கிடைக்கும்?

உப்புவெளி வாசகர்:
மகளிர் இருபதுக்கு20 சம்பியன்ஸ் கிண்ணத்தை 2027 இல் நடத்தும் வாய்ப்பு, அணி தகுதி பெறும் பட்சத்தில் இலங்கைக்கு உரியது என சர்வதேச கிரிக்கெட் பேரவை (ஐசிசி) 2022 ஜூலையில் அறிவித்திருந்தது. கிழக்கு மாகாணத்தில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் இல்லை. எமக்கு மிக அண்மையிலுள்ள தம்புள்ளை ரங்கிரி மைதானம் மத்திய மாகாணத்துக்குரியது என்றாலும், கந்தளாய், ஹபரணை வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அங்கு சென்றுவிடலாம். 2024 ஜூலை 19 முதல் 28 வரை மகளிர் ஆசியக் கிண்ணத்தின் 15 போட்டிகளும் அங்கேயே நடந்து, இலங்கை அணி இறுதியில் இந்தியாவை வென்றது. நிலாவெளிக் கடல் குளம்போல் கிடக்கும் பருவம் அது. அவ்வாறான வாய்ப்பு மீண்டும் வந்தால், வெளிநாட்டு ரசிகர்கள் இரண்டு இரவாவது இங்கே தங்குவதற்கு மாகாண நிர்வாகம் முன்கூட்டியே எவற்றைச் செய்ய வேண்டும்? மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்து, தேர்தல் இன்றியே ஆண்டுகள் பல கடந்துவிட்ட நிலையில், இதை யாரிடம் கேட்பது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நிலாவெளி விடுதியாளர்:
நல்ல கேள்வி, ஐயா. இப்பேச்சு எழும்போதெல்லாம் திருகோணமலையிலும் ஒரு மைதானம் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை முந்திக்கொள்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அம்பாந்தோட்டை சூரியவெவயில் 2011 உலகக் கிண்ணத்துக்கென 35,000 பேர் அமரக்கூடிய மைதானத்தைக் கட்டினார்கள். அந்தத் தொடரில் அங்கு நடந்தவை இரண்டே போட்டிகள்.

எமக்கு வேண்டியது பொருத்தமான காலம். 2026 இருபதுக்கு20 உலகக் கிண்ணத்துக்கு பெப்ரவரி 7 முதல் மார்ச் 8 வரை நாள் குறிக்கப்பட்டது; இலங்கையில் கொழும்பும் பல்லேகலையும் மட்டுமே தெரிவாகின. அந்த மாதங்களில் இங்கே வாடையின் தாக்கம் முழுமையாக அடங்கியிருக்காது. எங்கள் தொழில் சூடுபிடிப்பதோ சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்னர்தான். ஆகவே அட்டவணை தயாராகும் கட்டத்திலேயே, மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் தம்புள்ளைக்குப் போட்டிகளை ஒதுக்குமாறு மாகாணத்தின் பெயரால் இலங்கை கிரிக்கெட் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அட்டவணை வெளிவந்த பிறகு எழுதுவதில் பயனில்லை.

கந்தளாய் பயணி:
காலம் பொருந்தினாலும் போக்குவரத்து பொருந்த வேண்டும். மாகாண எல்லையைக் கடக்கும் தனியார் பேருந்துகளுக்கு அனுமதி வழங்குவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு என்பதால், தம்புள்ளைக்குச் சிறப்புச் சேவையை மாகாணம் தனித்து ஏற்பாடு செய்ய இயலாது. இரவுப் போட்டி முடிகையில் பத்து மணி கடந்துவிடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே யானைகள் வீதியைக் கடக்கும் காட்டுப் பகுதியில், பழக்கமில்லாத ஓட்டுநர்கள் அந்நேரத்தில் பயணிகளை ஏற்றி வருவதை எவரும் ஊக்குவிக்கக் கூடாது. போட்டிக்கு மறுநாள் காலை தம்புள்ளையிலிருந்து புறப்படும் சேவையே பாதுகாப்பானது. ஓய்வு நாட்களைக் கடற்கரையில் கழிக்க விரும்புவோருக்கும் அதுவே பொருந்தும்.

ஓய்வுபெற்ற உள்ளூராட்சி அலுவலர்:
பணம் எங்கே போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும், தம்பிமாரே. சுற்றுலாச் சபையின் அங்கீகாரம் பெற்ற விடுதிகளிடமிருந்து முந்திய ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வரை அனுமதிக் கட்டணமாக அறவிடப் பிரதேச சபைகளுக்குச் சட்டத்தில் இடமுண்டு. உப்புவெளியில் ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச சபையும், நிலாவெளியில் குச்சவெளிப் பிரதேச சபையும் உரிய விடுதிகள் அனைத்தையும் பதிவுக்குள் கொண்டுவந்தால், போட்டிக்காலக் கூட்டத்தால் வரும் பணம் மறு ஆண்டே குப்பை அகற்றுவதற்கும் கடற்கரைக் கழிவறைகளுக்கும் பயன்படும். பதிவில்லாத அறைகளில் கூட்டம் தங்கிப் போனால், சபைக்கு மிஞ்சுவது குப்பை மட்டுமே.

நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாமலைத் தீவுக்குச் செல்வோர் கரையிலே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, படகுக்குத் தனியாகப் பணம் செலுத்துகிறார்கள். சீட்டுப் பணம் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, அதாவது மத்திய அரசுக்கு; படகுப் பணம் எங்கள் கரையில் தங்கும். இதனால் படகுகளைக் கூட்ட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறு தீவில், நீந்தத் தெரியாதவர்கள் முழங்கால் அளவு நீரில் பவளப்பாறை மீது கால் ஊன்றி நிற்பதை நான் கண்டிருக்கிறேன்; மிதித்து உடைந்த பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். போட்டிக்காலத்தில் நாளொன்றுக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்ற வரம்பைத் திணைக்களத்துடன் பேசித் தீர்மானித்த பிறகே விளம்பரம் செய்ய வேண்டும். மிகுதிப் பயணிகளைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் கோணேசர் கோயிலுக்கும் அழைத்துச் செல்லலாம்.

உப்புவெளி வாசகர்:
மூவருக்கும் நன்றி. மாகாண சபை இல்லாத நிலையில், ஆளுநர் செயலகத்துக்கும் மாகாண சுற்றுலாப் பணியகத்துக்கும் அனுப்பும் கடிதத்தில் போட்டிக் காலம், காலை நேரப் பேருந்து, விடுதிப் பதிவு, புறாமலை வரம்பு ஆகியவற்றைச் சேர்க்கிறேன். வரம்பு விதித்தால் முதலில் பாதிக்கப்படுவோர் படகோட்டிகள் என்பதால், அவர்களுக்குள் சுழற்சி முறை சாத்தியமா என்பதைத் தொழிலில் உள்ளவர்கள் எவரேனும் இங்கே எழுதினால், அதையும் இணைத்த பின்னரே அனுப்புவேன்.