தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வீகன் ரோஸ்ட், எது வாங்குவது? அவசரம்

மினியாபொலிஸ்_புதுவரவு
எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அமெரிக்கா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. என் கணவரோடு ஆபீஸில் வேலை பார்ப்பவர் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் எல்லோரும் வீகன். இவர் சும்மா இருக்காமல், "நாங்களும் சைவம்தான், மெயின் டிஷ் நாங்கள் கொண்டு வருகிறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்கு நேற்று ராத்திரிதான் தெரியும். கடைக்குப் போனேன். ஃப்ரீசரில் டோஃபர்கி, ஃபீல்ட் ரோஸ்ட், கார்டீன் என்று இறைச்சி மாதிரி செய்த வீகன் ரோஸ்ட் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்து, கடைசியில் கொத்தமல்லிக் கட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். எது வாங்கினால் நல்லது? நான் பிறந்ததிலிருந்து சைவம், கோழி எப்படி இருக்கும் என்றே தெரியாது, அது மாதிரி இருக்கிறதா இல்லையா என்று நான் எப்படிச் சொல்வேன்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

எடிசன்_பாலு
தங்கச்சி, இதற்கெல்லாமா தூக்கத்தை விடுவது? நான் 2001ல் வந்தபோது ஒரு அறையில் நான்கு பேர், ஒரே ஒரு குக்கர், அதுவும் கேஸ்கட் போனது. நவம்பர் மாதம் பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் பனியில் நின்று அரிசி மூட்டை தூக்கி வந்திருக்கிறேன். முதல் தேங்க்ஸ்கிவிங்கிற்கு மேனேஜர் வீட்டில் கூப்பிட்டார், எனக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் தக்காளி சாதம் கிளறிக்கொண்டு போனேன், அவர் மனைவி இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். நம்ம சாப்பாட்டில் இல்லாத வீகனா? நல்லா ஒரு வெஜிடபிள் பிரியாணி, முந்திரி தாளித்து, ரைத்தாவோடு கொண்டுபோ. வேலை முடிந்தது.

ஹூஸ்டன்_அக்கா
பாலு அண்ணா, ரைத்தா தயிர், அது வீகன் இல்லை. முந்திரியை நெய்யில் தாளித்தால் அதுவும் போச்சு. புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான், நம்ம ஊர் சைவமும் இவர்கள் சொல்கிற வீகனும் ஒன்று இல்லை. பால், தயிர், நெய், வெண்ணெய், பன்னீர் எதுவும் கூடாது. தேனும் கூடாது. நான் வந்த வருஷம் தெரியாமல் ஒரு வீட்டுக்கு மைசூர்பாக் கொண்டுபோய், அந்த அம்மா முகம் வாடியதைப் பார்த்து அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் சைவம் என்று நினைக்கிறதில் எல்லாம் மாட்டிக்கொள்வோம் மா, கடையில் விற்கிற ஸ்டஃபிங் (உள்ளே அடைக்கிற ரொட்டிக் கலவை) பாக்கெட்டில் சிக்கன் பிராத், அதாவது கோழிச் சாறு இருக்கும், மார்ஷ்மெல்லோவில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின், வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரி ஒரு மீன். படிக்காமல் எதையும் கூடையில் போடாதே.

போர்ட்லண்ட்_மணி
கேட்ட கேள்விக்குப் பதில்: டோஃபர்கி. யோசிக்கவே வேண்டாம். இது எங்கள் ஒரிகன் மாநிலத்துச் சரக்கு. 1980ல் டெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டி செய்து விற்க ஆரம்பித்த செத் டிபட் என்கிறவர் 1995ல் இந்த ரோஸ்டைக் கொண்டுவந்தார், இன்றைக்கு வீகன் விருந்து என்றால் இங்கே பலருக்கும் முதலில் வாயில் வருகிற பெயர் அதுதான். டோஃபுவும் கோதுமைப் புரதமும் சேர்த்தது, உள்ளே ஸ்டஃபிங் வைத்தே வரும். ஒன்று ஐந்து பேருக்குச் சரியாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து உருக விட வேண்டும். அதன் பிறகு எண்ணெயும் சோயா சாஸும் கலந்து மேலே தடவி, ஃபாயிலால் மூடி 350 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம், கடைசிப் பத்து நிமிடம் ஃபாயிலை எடுத்துவிட்டு. 350 என்பது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177 செல்சியஸ்.

சியாட்டில்_வாசி
மணி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டோஃபர்கி ரப்பர் மாதிரி இழுக்கும். ஃபீல்ட் ரோஸ்ட் வாங்குங்கள், ஆப்பிள், காளான், பட்டர்நட் எல்லாம் போட்டு வரும், கோழி மாதிரி நடிக்காது, அதற்கென்று ஒரு ருசி இருக்கும். பிறவிச் சைவக்காரர்களுக்கு அதுதான் தொண்டையில் இறங்கும். எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது டோஃபர்கியைத் தொடவே இல்லை, ஃபீல்ட் ரோஸ்டை மட்டும் ரசத்துக்குத் தொட்டுக்கொண்டார். இன்னொன்று, குவார்ன் என்கிற இன்னொரு கம்பெனியின் பெட்டி கையில் கிடைத்தால் முட்டை வெள்ளைக் கரு இருக்கிறதா என்று பாருங்கள், அதில் பல வகை வீகன் இல்லை.

போர்ட்லண்ட்_மணி
ரப்பர் மாதிரி இழுத்தால் உருக விடாமல் அடுப்பில் வைத்திருப்பீர்கள்.

உட்லண்ட்ஸ்_கலா
நான் சிங்கப்பூர். எங்கள் ஊரில் சீனர்களின் சைவக் கடையில் பொய்க் கோழி, பொய் வாத்து எல்லாம் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறோம், இதில் பயப்பட என்ன இருக்கிறது? எல்லாம் கோதுமைப் பசைதான். பெட்டிக்குப் பணம் கொட்டாதீர்கள், வீட்டிலேயே செய்யலாம். குளூட்டன் மாவு (கோதுமைப் புரத மாவு) என்று தனியாக விற்கும், அதில் வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை, சோயா சாஸ், பூண்டு, மிளகு போட்டுப் பிசைந்து உருட்டி, ஃபாயிலில் மிட்டாய் சுற்றுகிற மாதிரி இரண்டு பக்கமும் முறுக்கி, இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் ஆவியில் வைத்து, பிறகு ஓவனில் சிவக்க விட்டால் அழகாகத் துண்டு போட வரும்.

ஸ்காபரோ_மாமி
பிள்ளை, நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம், எங்களுக்குத் தேங்க்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாம் திங்களோடு முடிந்தது. அதுக்கு நான் பலாக்காய்தான் செய்தனான். தகரத்தில் வரும், உப்புத் தண்ணியில் போட்டதாய்ப் பார்த்து எடுக்க வேணும், சீனிப் பாகில் இருக்கிறதை எடுத்தால் பழம், அதை ஒன்றும் செய்ய ஏலாது. வடிச்சுப் பிழிஞ்சு, நல்லெண்ணெயில் வாட்டி, கறித்தூள் போட்டுப் பிரட்டினால் இறைச்சி என்றே சொல்லுவினம். 95ல் நாங்கள் வந்த நேரம் தகரப் பலாக்காய்க்கே கடை கடையாய் அலைஞ்சனாங்கள், பிள்ளையளுக்கு ஊர்ச் சாப்பாடு குடுக்க வேணும் என்று. இப்ப எல்லாம் கிடைக்குது.

சியாட்டில்_வாசி
மாமி, பலாக்காய் ருசிதான், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, கத்தி வைத்தால் நாராய்ப் பிரிந்துவிடும். மேசை நடுவில் வைத்து வெட்டிப் பரிமாறுகிற பண்டம் அது இல்லையே.

டல்லாஸ்_குமார்
ஒன்று சொல்லட்டுமா, யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் இவ்வளவு மெனக்கெடுகிறோம், இவர்கள் நம் வீட்டுக்கு வந்தால் ஒரு ஸ்பூன் சாம்பார் எடுத்துவிட்டு "வெரி இன்ட்ரஸ்டிங்" என்று வைத்துவிடுவார்கள். ஆறு வருடமாக ஆபீஸ் பாட்லக்கிற்கு (ஆளுக்கொரு பண்டம் கொண்டு வருகிற விருந்து) என் மனைவி விடியற்காலை எழுந்து செய்து கொடுக்கிறாள், பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. அந்தப் பாத்திரத்தை அவள் மூடி திறந்து பார்க்கும்போது எனக்குத்தான் மனசு கேட்பதில்லை.

எடிசன்_பாலு
குமார் சொல்வது நூற்றுக்கு நூறு. அதோடு அந்த வாரம் விமான டிக்கெட் விலை, ரோட்டில் கூட்டம். ஊரில் ஒரு தீபாவளிக்கு அக்கம்பக்கத்து வீட்டில் கதவைத் தட்டிப் பலகாரம் கொடுப்போம், இங்கே கதவைத் தட்டுவதற்கு முன்னால் மெசேஜ் போட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தனிமைதான் முதல் வருஷம் ஆளைத் தின்னும்.

ஹூஸ்டன்_அக்கா
அதனால்தான் அண்ணா, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும் என்கிறேன். பதினோரு மாதம் யாருமே கூப்பிடாமல் இருந்தவள் நான்.

டுலூத்_சித்ரா
பேச்சு எங்கேயோ போய்விட்டது. அந்தப் பெண் கேட்டதற்கு வருவோம். தங்கச்சி, நானும் மினசோட்டாதான், பதினாறு வருடமாக இருக்கிறேன். எதை வாங்குவது என்று சொல்வதற்கு முன்னால் நீ சில விஷயம் சொல்ல வேண்டும். விருந்து தேங்க்ஸ்கிவிங் நாளான வியாழக்கிழமையா, அதற்கு முன்னாலா? எத்தனை பேர்? யாருக்காவது எதுவும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறதா, முக்கியமாகக் கொட்டைப் பருப்பு, கோதுமை, சோயா? உன் வீட்டு ஓவனை இதுவரை பயன்படுத்தியிருக்கிறாயா?

மினியாபொலிஸ்_புதுவரவு
அக்கா, விருந்து வியாழன் மதியம் இரண்டு மணிக்கு. இன்றைக்குச் செவ்வாய் ஆகிவிட்டது. எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். ஓவனில் நான் பாத்திரம் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒரு தடவை கூட ஏற்றியதில்லை. ஒத்துக்கொள்ளாதது என்றால், இவரைக் கேட்டேன், அந்த நண்பரின் அம்மாவுக்கு "கோதுமை ஏதோ ஆகாது" என்று சொன்னதாக ஞாபகம் என்கிறார். கொட்டை வகை சாப்பிடுவார்களாம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ?

டுலூத்_சித்ரா
நல்லவேளை, இப்போதாவது சொன்னாய். கோதுமை ஆகாது என்றால் அந்த அம்மாவுக்கு சீலியாக் இருக்கலாம். அது சும்மா அஜீரணம் இல்லை. கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கிற குளூட்டன் துளி உள்ளே போனாலும் அவர்கள் உடம்பே சிறுகுடலைத் தாக்கும். அப்படியென்றால் டோஃபர்கியும் ஃபீல்ட் ரோஸ்டும் அவருக்கு ஆகாது, இரண்டிலும் கோதுமைப் புரதம்தான் பிரதானம். கார்டீன் ரோஸ்டிலும் கோதுமை உண்டு. கலா சொன்ன இட்லிப் பானை உருண்டை முழுக்க முழுக்க குளூட்டன். சாதாரண சோயா சாஸிலும் கோதுமை சேர்ந்திருக்கும். நீ கொண்டு வந்த பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பார்கள், அதை யாரும் நினைத்தே பார்க்க மாட்டார்கள்.

நீ செய்ய வேண்டிய முதல் வேலை, உன் கணவரை அந்த நண்பருக்கு இன்றைக்கே ஃபோன் செய்யச் சொல். அம்மாவுக்கு சீலியாக்கா, வேறு வீட்டுச் சமையலறையில் செய்ததை அவர் சாப்பிடுவாரா, இந்த இரண்டையும் கேட்கச் சொல். உன் வீட்டில் சப்பாத்தி இடுகிற பலகை, மரக் கரண்டி, சல்லடை எல்லாவற்றிலும் மாவு ஒட்டியிருக்கும், அதனால்தான் இரண்டாவது கேள்வி. கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள், அந்த நோய் உள்ள வீட்டில் யாராவது கேட்டால் நிம்மதியாகத்தான் இருக்கும்.

மெயின் டிஷ்ஷிற்கு பட்டர்நட் பூசணியை வைல்டு ரைஸ் அடைத்துச் செய். நம்ம பரங்கிக்காய்க்குச் சொந்தம், பெயரில்தான் பட்டர். வைல்டு ரைஸ் இந்த மாநிலத்துத் தானியம், 1977ல் மாநிலத் தானியமாகவே அறிவித்தார்கள். நம் நெல் இல்லை, ஏரியில் வளர்கிற நீண்ட கறுப்புப் புல் தானியம். இங்கே ஒஜிப்வே பழங்குடி மக்கள் மனூமின் என்பார்கள், ஒருவர் படகைத் தள்ள இன்னொருவர் இரண்டு குச்சியால் கதிரை வளைத்துத் தட்டிப் படகுக்குள்ளேயே உதிர்ப்பார்கள். கடையில் பளபளவென்று கறுப்பாக இருப்பது வயலில் விளைந்தது, வேக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏரியில் கையால் எடுத்தது மங்கலான பழுப்பாக இருக்கும், சீக்கிரம் வெந்துவிடும். அரிசி மாதிரி தண்ணீர் அளந்து வைக்காதே, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தானியத்தில் பாதி வாய் விரித்ததும் வடித்துவிடு.

ஒன்பது பேருக்கு மூன்று பவுண்டு எடையில் பூசணி இரண்டு. நீளவாக்கில் பிளந்து விதையை வழித்து, எண்ணெய் உப்பு தடவிக் கவிழ்த்து வைத்து, 400 டிகிரியில் கத்தி இறங்கும் வரை, சுமார் 45 நிமிடம். பிறகு கழுத்துப் பக்கமும் ஸ்பூனால் குடைந்து வாய்க்கால் மாதிரி எடு, ஓரத்தில் விரல் பருமன் சதை நிற்கட்டும். வெங்காயம், காளான், செலரி, சேஜ் இலை வதக்கி, வைல்டு ரைஸ், வெந்த கொண்டைக்கடலை, பீக்கன் கொட்டை, காய்ந்த கிரான்பெர்ரி, குடைந்த சதை எல்லாம் சேர்த்து அழுத்தி நிரப்பு. இரண்டு பாதியையும் மூடி நூலால் நான்கு இடத்தில் கட்டி, 375ல் இன்னும் அரை மணி. மேசையில் வைத்து வட்ட வட்டமாக வெட்டலாம், ஆரஞ்சு வளையத்துக்குள் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். கிரேவிக்குக் காளான் வதக்கிய சட்டியிலேயே தண்ணீர் விட்டு, டமாரி (பெரும்பாலும் கோதுமை சேராத சோயா சாஸ் வகை) ஊற்றி, கார்ன் ஸ்டார்ச் கரைத்துக் கெட்டியாக்கு. டமாரி பாட்டிலிலும் பாக்கெட்டுகளிலும் குளூட்டன் ஃப்ரீ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து எடு.

உட்லண்ட்ஸ்_கலா
கோதுமை விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அந்த உருண்டையைச் செய்துவிடாதீர்கள்.

மினியாபொலிஸ்_புதுவரவு
அக்கா, இவர் ஃபோன் செய்துவிட்டார். சீலியாக்தான். எட்டு வருடமாக அந்த அம்மா வெளி வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லையாம், விருந்துக்கு வருகிறவர்கள் கொண்டு வருவதையும் தொடாமல் தன் தட்டைத் தனியாக வைத்துக்கொள்வாராம். இவர் கேட்டதும் அந்த நண்பர் ஃபோனை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். காய்கறியை வெட்டாமல், பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் கொண்டு வா, காலை பத்து மணிக்கே வந்துவிடு, என் அடுப்பில் என் பாத்திரத்தில் இருவரும் சேர்ந்து செய்வோம் என்று அந்த அம்மா என்னிடமே சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறும், ஆனாலும் பேசிவிட்டேன். கடை வியாழன் காலையில் திறந்திருக்குமா?

டுலூத்_சித்ரா
பெரிய கடைகள் நிறைய அன்றைக்கு மூடியிருக்கும், எல்லாவற்றையும் புதன்கிழமையே வாங்கிவிடு, சாயங்காலம் ஆனால் காளான் தட்டு காலியாகிவிடும். பூசணி பச்சையாக இருக்கும்போது கல் மாதிரி இருக்கும், கத்தி வழுக்கிக் கையில் பட்டுவிடும், முட்கரண்டியால் நான்கைந்து இடம் குத்தி மைக்ரோவேவில் நான்கு நிமிடம் வைத்துவிட்டுப் பிளக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் சொல். கட்டுகிற நூல் பருத்தி நூலாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கலந்தது உருகிவிடும். அடுத்த வாரம் உன் ஓவனில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு எனக்குக் கூப்பிடு, ஏற்றுவது எப்படி என்று சொல்லித் தருகிறேன்.