பத்து நாள் மலைப் பயணம், இடுப்பு வரை முடி: எப்படிச் சமாளிப்பது?

கடலூர்க்காரி:
அடுத்த மாதம் ஒரே ஒரு முதுகுப்பையோடு இமாச்சலம் போகிறேன், மொத்தம் பத்து நாள், அதில் நான்கு நாள் கூடாரத்தில். முடி இடுப்பு வரை இருக்கிறது, வெட்ட மனசே வரவில்லை. போன வருஷம் பிச்சாவரம், தரங்கம்பாடி என்று மூன்று நாள் உப்புக்காற்றில் சுற்றியதற்கே சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. சீயக்காய்த் தூள் எடுத்துப் போகலாமா?

முத்தியால்பேட்டை அக்கா:
வெட்டாதே தங்கச்சி. கிளம்புவதற்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து, முழுக்கக் காயவைத்து, அப்புறம் நுனியில் மட்டும் எண்ணெய் தொட்டு இரட்டைப் பின்னல் போட்டுக்கொள். ஒற்றைப் பின்னல் பைக்கும் முதுகுக்கும் நடுவே உரசி உரசிச் சடை பிடித்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது, கடைசியில் கத்தரிதான். கூடார நாட்களில் அலசவே வேண்டாம், ஈரத்தோடு பின்னினால் மறுநாள் மக்கல் வாடை வரும். சீயக்காய் வேண்டாம், தூள் போக அலச இரண்டு வாளித் தண்ணீராவது வேண்டும். ஷாம்பு பாக்கெட் நான்கு போதும்.

சில்வர் பீச் பக்கம்:
தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும், அதனால் சின்ன டப்பாவில் நல்லெண்ணெய். இன்னொன்று, தயவுசெய்து ஓடைக்குள் இறங்கி ஷாம்பு போடாதீர்கள். தண்ணீரை மொண்டுகொண்டு 60 மீட்டராவது தள்ளிப் போய் மண்ணில் ஊற்றி அலசுங்கள், கீழே ஊர்க்காரர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். காலி பாக்கெட்டையும் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

கடலூர்க்காரி:
சரி, இரட்டைப் பின்னல்தான். நல்லெண்ணெய் இன்றைக்கே டப்பாவில் ஊற்றிவிட்டேன்.