வயிற்றுக்குச் சேராதது எது: எல்லாவற்றையும் நிறுத்துவதா, ஒவ்வொன்றாகவா?

கொத்தவரை
உப்புசம், அடிக்கடி கழிச்சல் என்று யார் கேட்டாலும் "ஃபாட்மேப் டயட் போங்க" என்று இங்கே ஒரே பாட்டு. செரிக்காமல் குடலில் நொதிக்கும் சில மாவுச்சத்து, சர்க்கரை வகைகளைக் குறைக்கும் உணவுமுறை அது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கியது. நம் வீட்டில் அப்படியே பிடித்தால் வெங்காயம், பூண்டு, துவரை, உளுந்து, கோதுமை, பால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். சைவக்காரர் எதைச் சாப்பிடுவார்? ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான் நடக்கிற காரியம். பாலை ஒரு வாரம் விடுங்கள். குறையவில்லையா, அடுத்து கோதுமை.

மோர்மிளகாய்
அந்த வழியில் போனால் வருடக்கணக்கில் சுற்ற வேண்டியதுதான். அந்த வகைகள் இவை: வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃபிரக்டான். பருப்பு வகைகளில் கேலக்டன். பாலைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்களுக்குப் பால் சர்க்கரையான லாக்டோஸ். மூன்றும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவாகின்றன. சுமை ஒன்றோடொன்று கூடும். பாலை மட்டும் விட்டுவிட்டு மூன்று வேளையும் சின்ன வெங்காயச் சாம்பார் ஊற்றினால் வயிறு ஊதத்தான் செய்யும். "பால் காரணமில்லை" என்று தப்பாக முடிவுகட்டிவிடுவீர்கள்.

2 முதல் 6 வாரம் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அடங்கினால் மறுசேர்ப்பு, அதாவது குறைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. 6 வாரத்திலும் அசையவில்லை என்றால் விட்டுவிட்டுப் பழைய சாப்பாட்டுக்கே திரும்புங்கள், வேறு காரணம் தேட வேண்டும்.

சைவக்காரருக்குக் கெட்டியான டோஃபு, லாக்டோஸ் நீக்கிய பால், கைப்பிடி வேர்க்கடலை இருக்கின்றன. தாளிப்புக்கு: எண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, தண்ணீர் எதுவும் சேர்க்கும் முன் பூண்டை எடுத்துவிடுங்கள். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவைத்துச் சாப்பிடுவதில் பலன் இல்லாததும் இதனால்தான், குழம்பிலேயே இறங்கியிருக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஆகும், வெள்ளைக் குமிழ் ஆகாது.

நூல்கோல்
இவ்வளவு எதற்கு? ரத்தம் கொடுத்தால் இருநூறு உணவுக்குச் சிவப்பு, பச்சை போட்டு அறிக்கை தருகிறார்களே. அதில் சிவப்பை நிறுத்தினால் ஆயிற்று.

மோர்மிளகாய்
அது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனை. நீங்கள் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு உடம்பில் ஐஜிஜி இருப்பது இயல்பு. அதனால்தான் தினசரி சாப்பிடும் அரிசியும் முட்டையும் சிவப்பில் வந்து நிற்கும். இதை வைத்து உணவை நிறுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய அலர்ஜி மருத்துவ அமைப்புகளே சொல்லியிருக்கின்றன. அந்தப் பணத்துக்குச் சீலியாக் (கோதுமையின் குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கும் நோய்) பரிசோதனை எடுக்கலாம்.

கொத்தவரை
இதில் மோர்மிளகாயோடு நானும் ஒத்துப்போகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: சீலியாக்குக்கான டிடிஜி-ஐஜிஏ, மொத்த ஐஜிஏ என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது 6 வாரம் கோதுமை உள்ளே போயிருக்க வேண்டும். சோறு, இட்லி என்றே ஓடும் வீடுகளில் இது அடிக்கடி தவறுகிறது. நீங்கள் சொல்லும் "முதலில் எல்லாவற்றையும் நிறுத்து" முறையில் முதல் பலி இந்தப் பரிசோதனைதான் சார்.

மோர்மிளகாய்
சரியான இடம். பரிசோதனை முதலில், டயட் பிறகு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, இரவில் எழுப்பும் கழிச்சல் இருந்தால் டயட் பேச்சே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சாப்பிட்டதும் உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் என்றால் அது அலர்ஜி. வீட்டில் சோதித்துப் பார்க்கும் விஷயமே இல்லை.

சுண்டைவற்றல்
நாட்குறிப்பு எழுதினால் போதாதா? சாப்பிட்டது, வலித்தது என்று.

மோர்மிளகாய்
எழுதலாம், ஆனால் கடைசி வேளைச் சாப்பாட்டைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். லாக்டோஸ் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் காட்டும். பருப்பும் பூண்டும் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள். ராத்திரிப் பூரிக்கிழங்குக்குக் காலை இட்லி திட்டு வாங்கும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நேரம், அளவு, வலிக்கு 0 முதல் 10 மதிப்பெண், மலத்தின் தன்மை (பிரிஸ்டல் அளவுகோலில் 1 முதல் 7), தூக்கம், மாதவிடாய் நாள், மாத்திரை எல்லாம் குறிப்பில் வர வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் போடுபவருக்குக் கழிச்சல் மாத்திரையாலேயே வரலாம். சர்க்கரையில்லாத இருமல் மருந்து பலவற்றில் வயிற்றை இளக்கும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும்.

மறுசேர்ப்பில் ஒரு குழுவுக்கு ஓர் உணவு, மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லாக்டோஸுக்கு வெறும் பால் 60 மி.லி., 120, 250. ஃபிரக்டானுக்குப் பூண்டு கால் பல், அரை, ஒன்று. வெங்காயத்தையும் கோதுமையையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று சேர்ந்து இன்னொன்று சேராமல் போகும். கேலக்டனுக்கு வெந்த துவரை 2 மேசைக்கரண்டியில் தொடங்கலாம். சார்பிட்டால் போன்ற இன்னொரு வகையான மேனிடாலுக்குக் காலிஃபிளவர். இடையில் இரண்டு மூன்று நாள் ஓய்வு. தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தொந்தரவு தராத உணவைக்கூட மற்ற சோதனைகள் முடியும்வரை தட்டில் வைக்கக்கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் சொதப்புவது.

கொத்தவரை
அதுதான் என் வாதமே. சொதப்புகிறவர்கள்தான் அதிகம். முதல் கட்டத்தில் வயிறு லேசானதும் மறுசேர்ப்புக்கு வராமல், ஆறு மாதம் வெங்காயமில்லாமல் ஓட்டுகிறார்கள். குடலில் நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாவுக்குத் தீனியே ஃபிரக்டானும் கேலக்டனும்தான். ஒல்லியானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் இவர்களுக்கு முழு நீக்கம் வேண்டாம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் என்று அதிகம் சந்தேகப்படும் நாலைந்தை மட்டும் சேர்த்துக் குறைத்துப் பார்க்கட்டும். பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டால் கேலக்டன் கணிசமாகக் குறையும்.

மோர்மிளகாய்
நாலைந்தைச் சேர்த்துக் குறைப்பது எனக்குச் சம்மதம். ஒரே ஒன்றாக நிறுத்துவதுதான் உதவாது. நீங்கள் தொடங்கியது அங்கே.

நூல்கோல்
மூச்சுப் பரிசோதனையில் லாக்டோஸ் பாசிட்டிவ் என்று வந்தால் காபியை விட்டுவிட வேண்டுமா?

கொத்தவரை
வேண்டாம். அந்தப் பரிசோதனையில் வழக்கமாகக் கொடுப்பது 25 கிராம் லாக்டோஸ். ஏறக்குறைய அரை லிட்டர் பாலுக்குச் சமம். ஒரு காபிக்கு 100 மி.லி. பால் ஊற்றினால் 5 கிராம்தான். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம்வரை தாங்குவார்கள். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை, நன்றாகப் புளித்த தயிரில் குறைவு. காபி குடித்ததும் வயிறு கலக்கினால் மூன்று நாள் பாலில்லாத காபி, அடுத்த மூன்று நாள் காபியில்லாத பால் என்று பிரித்துப் பாருங்கள். காபியே குடலை முடுக்கும்.